மறு: 'தீங்கற்ற அளவு' சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

என்ஓஏஇஎல் (NOAEL, அதாவது நச்சுச் சோதனையில் தீங்கு எதுவும் தென்படாத அளவுகளில் மிகப் பெரியது) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாகத் திருவாரூர் நண்பர் சொன்ன 'தீங்கற்ற அளவு' சுருக்கமாக இருக்கிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. வல்லாரையையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் வாய்க்கால் கரையில் தானாக முளைக்கும் கீரை, இன்று மாத்திரையாகவும் விற்கிறது. எப்போதாவது துவையல் அரைத்துச் சாப்பிடுவது வேறு, செறிவான சாற்றைத் தினமும் வருடக்கணக்கில் விழுங்குவது வேறு. நாட்பட்ட நச்சுத்தன்மைச் சோதனை இந்த இரண்டாவதற்குத்தான்.

ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) இந்தச் சோதனைக்கு வெளியிட்ட வழிகாட்டி 452-இன்படி, சோதிக்கும் பொருளை எலிகளுக்கு வழக்கமாக 12 மாதம் கொடுக்கிறார்கள். அந்தப் பொருளைக் கொடுக்காத ஒப்பீட்டுக் குழு ஒன்று, வெவ்வேறு அளவில் கொடுக்கும் குழுக்கள் குறைந்தது மூன்று. ஒவ்வொன்றிலும் ஆண் 20, பெண் 20. எடை, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து, கடைசியில் உறுப்புகளை நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பேச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 100, 300, 1000 மில்லிகிராம் கொடுத்து, 1000-இல் மட்டும் ஈரல் கெட்டிருந்தால் என்ஓஏஇஎல் 300. தீங்கு 300-க்கும் 1000-க்கும் நடுவே எங்கே தொடங்குகிறது என்று சோதனை சொல்லாது. 300-இல் தீங்கே இல்லை என்றும் சொல்லாது. அத்தனை எலிகளில், தேடிய இடங்களில் தென்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த எண்ணை மனிதருக்கு அப்படியே வைப்பதில்லை. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து என்று வழக்கமாக 100-ஆல் வகுப்பார்கள். 300 என்பது 3 ஆகிறது; 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 180 மில்லிகிராம். அதே ஆள் 'தீங்கற்ற அளவு 300' என்று ஒரு விளம்பரத்தில் படித்தால் 18 கிராம் வரை போகலாம் என்றல்லவா கணக்குப் போடுவார்!

என் பரிந்துரை 'தீங்கு காணா உச்ச அளவு'. இதற்கு இணையான எல்ஓஏஇஎல்லுக்கு (LOAEL, தீங்கு தென்பட்ட அளவுகளில் மிகச் சிறியது) 'தீங்கு கண்ட தாழ் அளவு'. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே மாணவருக்குப் புரிந்துவிடும். 'உச்ச' கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கணக்கில் 100-இலும் தீங்கு காணவில்லை.

அப்புறம், சப்ளிமென்டுக்குத் 'துணையுணவு' போதும். 'துணைமருந்து' கூடாது, 2016 விதிமுறைகளின்படி எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) இதை உணவு வகையில்தான் வைத்திருக்கிறது.

'காணா' செய்யுள் நடையாகத் தோன்றினால் 'தென்படாத' என்று மாற்றலாம், எனக்குச் சம்மதமே. பாடநூல் எழுதுபவர்கள் எது வகுப்பில் எளிதாக வரும் என்று சொல்லுங்கள்.