காய்ச்சிய பாத்திரத்தில் படியும் வெள்ளை எது?

கேள்வி: ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுக்கிறேன். கலவைகளைப் பிரிக்கும் முறைகளை நடத்தும்போது, கரையாத பொருளை வடிகட்டிப் பிரிக்கலாம், கரைந்த பொருளை அப்படிப் பிரிக்க முடியாது என்று விளக்கி, மணலையும் உப்பையும் நீரில் கலக்கி வடிதாளில் ஊற்றியும் காட்டினேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, தன் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றும், அதுதான் ஃபுளோரைடு என்றும், துணியில் வடிகட்டிவிட்டால் நீர் சுத்தமாகிவிடும் என்று தன் ஆயா சொல்வதாகவும் கூறினாள். கரைந்தது வடிகட்டியில் நிற்காது என்றேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இருந்த ஏதோ ஒன்று வெள்ளையாகப் பிரிந்து வந்திருக்கிறதே, அது என்ன? எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடிப்பதால் வரும் காவி நிறக் கோடுகள் அவளுடைய முன்பற்களிலேயே இருப்பதால் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி

வணக்கம், டீச்சர். அந்த வெள்ளைப் படிவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். நிலத்தடி நீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. நீரைக் கொதிக்க வைக்கும்போது பைகார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, நீரில் கரையாத கார்பனேட் அடியில் படிகிறது. தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்க வைத்தால் நீங்கும் என்று மேல்வகுப்பில் படிப்பது இதைத்தான். ஆகவே மாணவி பார்த்தது உண்மையான பிரிதல்தான், பிரிந்த பொருள்தான் வேறு.

ஃபுளோரைடு ஓர் அயனி, அதாவது நீரில் கரைந்து நிற்கும் மின்னேற்றம் கொண்ட துகள். கொதிக்கும்போது அது ஆவியாகிப் போவதுமில்லை, நம் கிணறுகளில் காணப்படும் அளவில் பெரும்பாலும் படிவதுமில்லை. கால்சியம் ஃபுளோரைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்றாலும், தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் வரை கரைந்து நிற்கும். அதில் ஃபுளோரைடின் பங்கு மட்டும் 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அத்துடன், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரில் பொதுவாகக் கால்சியம் குறைவாகவே இருக்கும். இருக்கும் கால்சியத்தையும் கொதிநிலையில் கார்பனேட் இழுத்துக்கொண்டுவிடுகிறது.

இதனால் ஏற்படும் விளைவை ஒரு கணக்காகக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள 2 லிட்டர் நீரை ஒன்றரை லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சினால், மொத்தம் இருந்த 6 மில்லிகிராம் அப்படியே இருக்க, லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று செறிவு கூடிவிடுகிறது. இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்கும் அளவு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் காய்ச்சவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வழி உண்டு. படிவைச் சுரண்டி அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். கார்பனேட்டுக்கு அதுவே அடையாளம்.

மறுமொழி: குடிநீர் ஆய்வகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன், தருமபுரி

ஆசிரியர் கூறியதில் எனக்கு மறுப்பில்லை, ஒரு திருத்தம் மட்டும் உண்டு. நுரை வருவது கார்பனேட் இருப்பதைக் காட்டுமே தவிர, படிவில் ஃபுளோரைடு இல்லை என்பதைக் காட்டாது. அதை அறியக் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை அளந்து பார்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். காய்ச்சுவதற்கு முன் எத்தனை லிட்டர், பின் எத்தனை லிட்டர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வரும் எண்களை ஒப்பிட வழியில்லை.

ஃபுளோரைடைப் பிரிக்கவே முடியாதா என்று பிள்ளைகள் அடுத்துக் கேட்பார்கள். முடியும். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் அளவோடு சேர்த்துக் கலக்கினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு பஞ்சாகத் திரளும். ஃபுளோரைடு அதில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். கரைந்திருந்த ஒன்றைத் திடத்தோடு சேர்த்துவிட்ட பிறகுதான் உங்கள் பாடத்தில் உள்ள தெளிய வைத்து இறுத்தலும் வடிகட்டுதலும் பயன்படுகின்றன. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடும் நம் பழக்கம் மண்ணைத்தான் இறக்கும், ஃபுளோரைடை அன்று. வீட்டில் படிகாரத்தைக் கைக்கு வந்தபடி போட்டுப் பார்க்கவும் வேண்டாம். அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவியும், நீரை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வாலை வடித்தலும் வேறு வழிகள். நம் இரு மாவட்டங்களுக்கும் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதையும் பிரிப்பதில்லை. ஃபுளோரைடு குறைந்த காவிரி நீரைக் குடிக்கக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். கிணற்று நீரை இறைத்துச் சுத்திகரிப்பதைவிட அதுவே எளிது என்பது என் அனுபவம்.

மறுமொழி: விவசாயக் குடும்பத்துப் பெண், பாலக்கோடு

படிப்பு அதிகம் இல்லாதவள், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கேழ்வரகிலிருந்து தொடங்கிப் பாருங்கள், டீச்சர். இப்போதெல்லாம் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டி ஏற விடுகிறார்கள். தானியத்தோடு பொடிக்கல்லும் சேர்ந்தே வருகிறது. தூற்றினால் உமியும் தூசியும் காற்றில் போகும், ஏனென்றால் அவை இலேசு. சல்லடையில் போட்டால் கேழ்வரகைவிடப் பெரியது மேலே நிற்கும், சிறிய மணல் கீழே போகும். கேழ்வரகின் அளவிலேயே இருக்கும் கல்லைச் சல்லடையும் பிடிக்காது, முறமும் பிடிக்காது. அதற்குத் தண்ணீரில் அரித்தே ஆக வேண்டும். பாத்திரத்தைச் சுழற்றிச் சாய்த்தால் தானியம் தண்ணீரோடு வழியும், கனமான கல் அடியில் தங்கும். இத்தனையும் செய்து களி கிண்டும்போது உப்பைப் போட்டுவிட்டால், பிறகு அதை எந்த முறத்தைக் கொண்டு எடுப்பது?

கேள்வி கேட்ட ஆசிரியை

மூவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் முதலில் முறத்தில் கேழ்வரகைப் புடைத்து, அரித்துக் காட்டினோம். அதன் பிறகு அந்த மாணவி வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த வெள்ளைப் பொடியின்மேல் வினிகர் விட்டோம். எல்லாரும் தலையை நீட்டிப் பார்க்கும்போதே பொங்கியது. ஐயா சொன்ன திருத்தத்தையும் மறைக்காமல் சொன்னேன். இப்போது இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் என் மேசையில் இருக்கின்றன: ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றொன்றில் 2 லிட்டரை 1 லிட்டராகச் சுண்டக் காய்ச்சியது. திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்கிறேன்; முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.