எடைப் பயிற்சியிலிருந்து தண்டால், பஸ்கிக்கு மாற ஆலோசனை தேவை
அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஜிம்மில் எடை தூக்கி வந்த நான், இரவுப் பணிக்கு மாறிவிட்டதால் இனி வீட்டிலேயே உடல் எடையைக் கொண்டு பயிற்சி செய்ய முடிவெடுத்துள்ளேன். தண்டால் 40 வரை எளிதாக வருகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும் அளவுக்கு வலு வளராது என்பதால், கால்களை நாற்காலியில் உயர்த்தி வைத்து, கீழே இறங்க மூன்று நொடி எடுத்துக்கொண்டு செய்கிறேன். (மாடிக் கம்பியில் ஐந்து புல்-அப்ஸுக்கு மேல் வராதது வெட்கம்தான்.)

என் குழப்பமெல்லாம் கால்களைப் பற்றியது. 100 கிலோ எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்குப் பழகிய தொடைகளுக்கு வெறும் பஸ்கி உறைக்கவே இல்லை. ஒற்றைக்கால் பஸ்கிக்கு முயன்றாலோ, பாதி இறங்குவதற்குள் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. கணுக்கால் இறுக்கத்தை எப்படிச் சரிசெய்வது, டெட்லிஃப்ட்டுக்கு (தரையிலுள்ள எடையைக் குனிந்து தூக்கி நிமிரும் பயிற்சி) ஈடாகப் பின்தொடைக்கு என்ன செய்வது என்பதை, இவ்வாறு மாறிய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.