தெருக்கூத்து இரவுப் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு: மாற்ற வேண்டியது லென்ஸா, ஃபில்டரா?

கேட்டவர்: தவளைக்குளம்

வணக்கம். செய்யாறு பக்கம் எங்கள் அம்மாவின் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் விழா நடக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, விடிய விடிய. என்னிடம் இருப்பது நிக்கான் இசட் 50 கேமரா, அதோடு வந்த 16-50 லென்ஸ், அவ்வளவுதான். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். நான்கும் நான்கு விதமாகக் கெட்டிருக்கின்றன.

படம் 1: கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) குதித்து வரும் நேரம். படம் முழுக்கக் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள். சைலன்ட் மோட் (சத்தமில்லாத ஷட்டர்), ஷட்டர் 1/500 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப்6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 25600.

படம் 2: முகத்தின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி பச்சை கலந்த வெள்ளை.

படம் 3: சிவப்பு பூசிய முகம். கண்ணும் மீசையும் தெரிகின்றன, மற்றதெல்லாம் ஒரே சிவப்புத் திட்டு. கேமரா காட்டிய ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) சரியாகத்தான் இருந்தது.

படம் 4: கிரீடத்துக்கு மேலே இரண்டு விளக்குகள். படத்தின் கீழ்ப்பக்கம் அதே விளக்குகள் பச்சைப் புள்ளிகளாகத் தலைகீழாகத் தெரிகின்றன.

கேள்விகள்: 50-250 ஜூம் வாங்கலாமா, 40 எம்எம் எஃப்2 வாங்கலாமா? கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் பளிச்சென்று அடிக்கின்றன, சிபிஎல் (பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர்) போட்டால் குறையுமா? எல்லோரும் ஒளியை மென்மையாகக் கசியவிடும் பிளாக் மிஸ்ட் ஃபில்டர் போடுகிறார்களே, அது இதற்கு உதவுமா? இன்னும் சில இரவுகள் பாக்கி இருக்கின்றன.

பதில்: ஐம்பது எம்எம்

50-250 வேண்டாம். நீளமான முனையில் அதுவும் எஃப்6.3 தான், இருட்டில் உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கும். 40 எஃப்2 வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் திறப்பு பெரிதாகும், எஃப்6.3க்கும் எஃப்2க்கும் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வித்தியாசம். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

பதில்: பழைய மைக்செட்

தம்பி, கொஞ்சம் நிதானம். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் விளக்கைப் பாருங்கள். வந்தவாசி பக்கம் நான் வருஷக்கணக்கில் மைக்செட், சீரியல் செட், லைட் எல்லாம் வாடகைக்கு விட்டவன். கேமரா பிடித்தது அதற்கு அப்புறம்தான். அதனால் எனக்குக் கூத்து மேடை என்றால் முதலில் கம்பத்தில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்றுதான் கண் போகும்.

முதல் படத்தில் இருக்கும் கோடுகளுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். பழைய ஹாலஜனில் இழை சூடாகவே இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் பெரிதாகத் தெரியாது. இப்போது கோயில் விழாக்களில் கட்டுகிற மலிவான எல்இடி ஃப்ளட் லைட்டில் பெரும்பாலும் டிஓபி சமாச்சாரம்தான், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் தனியாக இல்லாமல் பலகையிலேயே ஒட்டியிருக்கும். மின்னோட்டத்தைச் சமப்படுத்துகிற கெபாசிட்டர் அதில் இருக்காது. அதனால் நூறு தடவையும் அணைந்து எரிகிற மாதிரி துடிக்கும். சந்தேகம் இருந்தால் ஃபோன் கேமராவை விளக்குக்கு நேராகக் காட்டுங்கள். திரையில் கோடு ஓடினால் அந்த விளக்குதான் ஆள்.

நீங்கள் சைலன்ட் மோட் வேறு போட்டிருக்கிறீர்கள். அதில் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கப்படுகிறது. ஷட்டர் 1/500 என்று இருந்தாலும், முழுப்படத்தையும் படித்து முடிக்க அதைவிட எவ்வளவோ நேரம் ஆகும். அதற்குள் விளக்கு பல தடவை துடித்துவிடும். ஒரு வரி வெளிச்சத்தில் மாட்டும், அடுத்தது இருட்டில். அதுதான் பட்டை. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் போடுகிற சத்தத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? சைலன்ட்டை முதலில் அணையுங்கள்.

அப்புறம் 1/100 வையுங்கள். ஒரு துடிப்பு முழுசாக உள்ளே வந்துவிடும், எந்த வரிக்கும் வஞ்சனை இல்லை. இதனால் இன்னொரு லாபமும் உண்டு. 1/500-இலிருந்து 1/100-க்கு இறங்கினால் ஐந்து மடங்கு வெளிச்சம். அதே 16-50-இல் ஐஎஸ்ஓ 25600 என்பது 5000 சொச்சமாகக் குறைந்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல். அதற்கு மேல் எஃப்2 லென்ஸ் போட்டால் 500 பக்கம் வரும். ஐம்பது எம்எம் நண்பர் சொன்ன லென்ஸ் நல்ல லென்ஸ்தான், ஆனால் வரிசை இப்படி.

1/100-இல் சுழன்று ஆடுகிறவரின் பாவாடை கலங்கும். கலங்கட்டும், நின்று போன பாவாடை கூத்துப் படமே இல்லை. சுழற்சிக்கு நடுவில் அடி வைத்து நின்று சபையைப் பார்க்கிற ஒரு கணம் வரும், தாளத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். முகம் அங்கே கூர்மையாகக் கிடைக்கும். எல்லாமே உறைந்து நிற்க வேண்டும் என்றால் மெனுவில் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் இருக்கிறது, அதைப் போடுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், 1/250 வரைக்கும் தாராளமாகப் போகலாம். ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் கவனம். லோடு ஏற இறங்க அதன் ஹெர்ட்ஸ் அலையும், கணக்குத் தப்பும்.

இரண்டாவது படம். இடது கம்பத்தில் ஹாலஜன், அதன் ஒளி நிறம் மஞ்சள், 3200 கெல்வின் பக்கம். வலது கம்பத்தில் எல்இடி, 6500 இருக்கும். எந்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) வைத்தாலும் ஒரு பாதி கெடும். மென்பொருளில் ஆயிரம் வேலை செய்வதைவிட, கூத்து ஆரம்பிக்கும் முன் லைட்காரரிடம் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இரண்டு பக்கமும் ஒரே விளக்கா மாத்த முடியுமா, இல்லாட்டி அந்த ஹாலஜனைச் சனங்க பக்கம் திருப்ப முடியுமா" என்று கேளுங்கள். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்போம். மூன்று ஃபேஸ் இணைப்பு வருகிற இடமாக இருந்தால் மூன்று விளக்கை மூன்று ஃபேஸில் பிரித்துக் கட்டச் சொல்லலாம். ஒன்று குறையும்போது மற்றது கூடும், துடிப்பு கிட்டத்தட்ட காணாமல் போகும். இது லைட்காரர் செய்கிற வேலை, நீங்கள் ஒயரில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது படத்தில் சிவப்பு மட்டும் எல்லை தாண்டிவிட்டது. நீங்கள் பார்த்தது மொத்த வெளிச்சத்தின் ஹிஸ்டோகிராம், அதில் இது தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமுக்கு மாறுங்கள், சிவப்பு வலது சுவரில் மோதினால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள், நிறத்தை அடர்த்தியாக்கும் விவிட் அமைப்பு வேண்டாம்.

நான்காவதற்குக் காரணம் நீங்கள் சொல்லாமல் விட்ட யூவி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி. போட்டிருக்கிறீர்கள், இல்லையா? சென்சாரில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து தட்டையான அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே போகிறது. அதனால்தான் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் தலைகீழாக விழுகிறது. கழற்றிப் பையில் போடுங்கள். கண்ணாடியைக் காக்க ஹூட் போதும்.

சிபிஎல் இரவில் வேண்டவே வேண்டாம். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும், பலனும் இருக்காது. தண்ணீர், இலை, சாதாரணக் கண்ணாடி இவற்றின் மேல் படும் பளபளப்பைத்தான் அது குறைக்கும். கிரீடத்தில் இருப்பது ரசம் பூசிய சில்லு, பின்னால் உலோகம். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியிடம் சிபிஎல் எடுபடாது. கல்யாண முருங்கைக் கட்டையில் அந்தச் சில்லுகளை ஒட்டியதே தீவட்டி வெளிச்சத்தில் தூரத்து ஆளுக்கும் மின்ன வேண்டும் என்றுதானே, மின்னட்டும். ரொம்ப உறுத்தினால் நீங்கள் இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள்.

மிஸ்ட் ஃபில்டர் பற்றி என் அபிப்பிராயம்: கூத்துக் களத்தில் ஏற்கெனவே புழுதி, சாம்பிராணிப் புகை, சனங்கள் எழுப்பும் தூசு. அதற்கு மேல் காசு கொடுத்து மங்கலாக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நடுராத்திரி ஒரு மணிக்கு மெமரி கார்டை நிரப்பிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சித்திரையில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னால் எழும். ஐந்தே காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை வானம் நீலமாக இருக்கும், விளக்கு வெளிச்சமும் வானத்து வெளிச்சமும் ஒரே அளவுக்கு வரும். பின்னால் பனைமரம் தெரியும், கோயில் தெரியும், போர்வை போர்த்திய சனம் தெரியும். அந்த அரைமணி நேரத்தில் கிட் லென்ஸே போதும்.

பதில்: வெள்ளெருக்கு

மைக்செட் அண்ணன் சொன்னதில் மிஸ்ட் ஃபில்டர் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. களத்துக்கு வேண்டாம், சரி. ஆனால் வேஷம் கட்டுகிற இடத்தில் நான் கால் பங்கு அடர்த்தி மிஸ்ட் போட்டுத்தான் எடுக்கிறேன்.

பெரும்பாலும் பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கோயிலுக்குப் பின்னால் ஒரு தட்டியோ இருக்கும், ஒரே ஒரு பல்பு தொங்கும். கலைஞர்கள் கையகலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தாங்களே முகம் எழுதுவார்கள். அந்தப் பல்பைச் சுற்றி லேசாக ஒளி கசிந்தால் அழகுதான். இணைத்திருக்கும் என் படம் அப்படி எடுத்தது: 35 எம்எம், எஃப்2, 1/100, ஐஎஸ்ஓ 2000. பல்பு ஒருபக்கமாக இருப்பதால் பாதி முகம் இருட்டு, எழுதி முடிக்காத மீசை மட்டும் வெளிச்சத்தில். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் நிறக் கவலையும் இல்லை.

ஆனால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வாத்தியார் என்று கூப்பிடுகிற குழுத் தலைவரிடம் முதலில் பேச வேண்டும். ஃப்ளாஷ் அங்கேயும் வேண்டாம், களத்திலும் வேண்டாம். கோடு இழுக்கிற நேரம் கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால் கை ஆடிவிடும்.

திரை பிடிக்கும் நேரத்தையும் விடாதீர்கள். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள், வேஷக்காரர் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். எல்லோரும் முன்னால் நின்று திரை விலகட்டும் என்று காத்திருப்பார்கள். நான் பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கமாகப் போய்விடுவேன். அங்கிருந்து துணிக்கு மேலே கிரீடமும், அதற்கு அப்பால் காத்திருக்கும் முகங்களும் ஒரே சட்டத்தில் வரும்.

கேட்டவர்: தவளைக்குளம்

அண்ணே, யூவி ஃபில்டர் போட்டிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! நேற்று ராத்திரி கழற்றிவிட்டு, சைலன்ட்டை அணைத்து, 1/100-இல் எடுத்தேன். கோடு போய்விட்டது. லைட்காரர் ஹாலஜனை அணைத்தே விட்டார், டீ கூடக் கேட்கவில்லை. வெள்ளெருக்கு அக்கா, உங்கள் மீசைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. கடைசி நாள் படுகளம், அதாவது துரியோதனன் விழும் காட்சி, பகலில். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் வெட்டவெளியில் கிடக்கும், பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடுவார்கள். ஒரு நண்பரிடம் 40 எஃப்2 இரவல் கிடைத்திருக்கிறது. பகலிலும் எஃப்2-இலேயே எடுக்கலாமா?

பதில்: பழைய மைக்செட்

முடியாது. உச்சி வெயிலில் எஃப்16-க்கு 1/100, ஐஎஸ்ஓ 100 என்பது பழைய கணக்கு. எஃப்2-க்கு அது 1/6400 ஆகும், உங்கள் கேமரா 1/4000-உடன் நின்றுவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேட வேண்டாம், எஃப்4 வையுங்கள், 1/1600 கிடைக்கும். ஓட்டம் அப்படியே நிற்கும்.

பகலில் தொல்லை கிரீட நிழல்தான். வெயில் தலைக்கு மேல் இருக்கும், கண் இரண்டும் கறுப்புக் குழியாகிவிடும். ஃப்ளாஷ் போட நினைத்தால் அதோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம் (சிங்க் வேகம்) 1/200, அதற்கு எஃப்11 வேண்டும். கேமரா தலையில் இருக்கிற பொடி ஃப்ளாஷ் எஃப்11-இல் ஒரு மீட்டர் கூட எட்டாது. அதனால் சூரியனை வேஷக்காரருக்குப் பின்னால் விட்டு, தரையிலிருந்து முகத்துக்கு ஏறி வரும் வெளிச்சத்தில் எடுங்கள். புதுமண் கொட்டிய உருவத்துப் பக்கத்தைவிட, வெள்ளை மணல் இருக்கும் ஓரத்தில் நின்றால் முகம் தெளியும். வியர்வையில் எண்ணெய்ப் பூச்சு பளபளக்கும், சிபிஎல் ஒன்று இரவல் கிடைத்தால் இங்கே போடுங்கள், இங்கே அது வேலை செய்யும்.

உருவம் முழுசாக வர வேண்டும் என்றால் 40-ஐக் கழற்றி 16-50-ஐப் போட்டுக்கொண்டு பக்கத்து மொட்டை மாடியில் ஏறிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், அன்றைக்குக் காலையில் போனால் அங்கே நிற்க இடமிருக்காது. அப்புறம், உருவத்தின் தொடையில் புதைத்த கலயத்தை உடைக்கும் இடம் எந்தப் பக்கம் என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாமல் தலைமாட்டில் நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும்.