டூர் ஏஜென்ட் மூலம் காசி போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

ராமேஸ்வரத்து மணலைப் பொட்டலமாக மடித்து சாமி அலமாரியில் வைத்துக்கொண்டு, "பிரயாகையில் கரைக்கணும்" என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த மாசியில் எப்படியாவது அனுப்பிவிட வேண்டும்.

டிராவல்ஸ் மூலம் காசி, கயா, திரிவேணி சங்கமம் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முன்பு நாங்கள் போன ஒரு டூரில் சாப்பாடு பிரமாதம். ரூம்தான் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார்.

அதனால் கேட்கிறேன்: விஸ்வநாதர் கோயில் சந்துகளில் கார் நுழையாதே, பெரியவர்களை எப்படிக் கூட்டிப்போனார்கள்? கயாவில் பிண்டம் போடும் செலவு பேசிய தொகைக்குள் வந்ததா, தனியாகக் கேட்டார்களா? அப்புறம், சமையல்காரர் கூடவே வந்தாரா? ரசம் இல்லாவிட்டால் அப்பாவுக்குப் புண்ணியமே சேராது.