ஏடிவியால் கனமான படகு ட்ரெய்லரை இழுக்கலாமா? சாய்தளத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது

நீர்க்காகம் கேட்டது:

என்னிடம் நான்கு சக்கரங்களும் இயங்கும் 500 சிசி ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும், கைப்பிடி வைத்த சிறு வண்டி) ஒன்று இருக்கிறது. அதன் கையேட்டில் இழுவைத் திறன் 600 கிலோ என்று போட்டிருக்கிறது. படகு ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. வாங்கியபோது கொடுத்த தாளில் அதன் எடை 520 கிலோ என்று இருந்தது. 600க்குள் 520 அடங்கிவிடுகிறது என்ற தைரியத்தில், கொட்டகையிலிருந்து படகுத்துறை வரை ஏடிவியாலேயே ட்ரெய்லரை இழுத்துச் சென்றேன். சமதரையில் பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியாத அளவுக்கு இலகுவாக வந்தது.

தண்ணீரிலிருந்து படகை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் சிக்கல். சாய்தளத்தின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரங்களும் பாசியில் வழுக்கிச் சுழன்றன, முன்சக்கரங்கள் இலேசாகிவிட்டதால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பவில்லை, எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட் தீய்ந்த வாடை வேறு வந்தது. உடன் வந்தவர் ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்ததால் தப்பித்தேன். முன் கேரியரில் மணல் மூட்டை வைத்தாலோ, பட்டை ஆழமான டயர் மாற்றினாலோ இது சரியாகுமா?

பழையபட்டறை எழுதியது:

மணல் மூட்டைக்கு முன்னால் எடைக் கணக்கைப் பார்க்க வேண்டும். விற்பனைத் தாளில் போடுவது பெரும்பாலும் வெறும் படகுக் கூட்டின் எடைதான். அதன் பின்புறம் தொங்கும் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் வகை என்றால் அதுவே 115 கிலோ அளவுக்கு வரும். 60 லிட்டர் பெட்ரோல் சுமார் 45 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, மிதவை அங்கி என்று சில்லறையாகச் சேர்வது 60 கிலோ. இந்த அளவுப் படகைத் தாங்கும் ட்ரெய்லர் 280 கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் இழுத்தது 520 அல்ல, ஏறத்தாழ 1,020 கிலோ. கையேடு 600 என்று சொல்வது ட்ரெய்லரும் அதன்மேல் உள்ள அனைத்தும் சேர்ந்த எடையைத்தான்.

சமதரையில் இது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. கெட்டியான தரையில், காற்று சரியாக அடைத்த டயர்கள் உருள்வதற்கு மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு விசை போதும். 1,020 கிலோவுக்கு அது 20 கிலோ அளவு இழுப்பு, ஓர் ஆளே தள்ளிவிடக்கூடியது. சாய்தளம் 7 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது என்று கொள்வோம். படகுத்துறைகளில் இது வழக்கமான சாய்வுதான். அங்கே ட்ரெய்லரை மேலே இழுக்க மட்டும் 145 கிலோ, உருள்வதற்கு அந்த 20 கிலோ, உங்களையும் சேர்த்து 430 கிலோ வரும் ஏடிவி தானே மேடேற இன்னொரு 60 கிலோ என்று மொத்தம் 225 கிலோ விசை தேவைப்படுகிறது.

டயர் எவ்வளவு பிடித்துக்கொடுக்கும்? ஏடிவியின் 430 கிலோவும், ட்ரெய்லரின் மூக்கு அதன்மேல் அழுத்தும் 60 கிலோவும் சேர்ந்து 490. உலர்ந்த சிமென்ட் தரையில் அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 340 கிலோ வரை பிடிப்பு கிடைக்கும். பாசி படிந்த ஈரத்தில் பத்தில் மூன்று பங்கு கிடைத்தாலே பெரிது. அது 147 கிலோதான். எஞ்சினுக்குச் சக்தி இருந்தும் வண்டி நின்றது இதனால்தான். முன் கேரியரில் 40 கிலோ மணல் வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பிடிப்பு 12 கிலோ, அதிலும் ஒரு பகுதியை அந்த மணலை மேடேற்றுவதற்கே செலவிட வேண்டும். டயரின் பட்டைகள் சேற்றைக் கிழிக்க உதவுமே தவிர, சிமென்ட் மேல் உள்ள பாசியில் பெரிய வித்தியாசம் காட்டாது. பெல்ட் வாடைக்குக் காரணம், அநேகமாக நீங்கள் லோ கியருக்கு மாற்றாமல் ஹை கியரிலேயே முயன்றதாக இருக்கும். பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றி, அது ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கரைமணல் எழுதியது:

மேலே உள்ள கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். உண்மையான ஆபத்து இறக்கும்போதுதான். அதே சாய்வில் வண்டியும் ட்ரெய்லருமாக 1,450 கிலோ கீழ்நோக்கித் தள்ளுவது, உருளும் தடையைக் கழித்த பிறகும், 175 கிலோவுக்கு மேல். பாசியில் ஏடிவியின் நான்கு சக்கரங்களையும் பூட்டிப் பிடித்தாலும் 147தான் தாங்கும். ஆகவே பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் மொத்தமும் மெல்ல வழுக்கித் தண்ணீருக்குள் போகும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் நேர்ந்தது. சக்கரங்கள் சுழலவே இல்லை, சத்தமும் இல்லை, இருக்கைக்கு அடியில் தண்ணீர் வந்து நின்றது. ட்ரெய்லரில் ஓவர்ரன் பிரேக் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அது ட்ரெய்லர் முன்னோக்கி வந்து கப்ளரை (வண்டியோடு இணைக்கும் பகுதியை) இடிக்கும்போது மட்டுமே வேலை செய்யும். பின்னோக்கி இறக்கும்போது ட்ரெய்லர் வண்டியை விட்டு விலகி இழுப்பதால் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

இன்னொன்று முன்பாரம். மூக்கில் விழும் பாரம் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். கூடினால் ஏடிவியின் பின்புறம் அமுங்கி முன்புறம் இலேசாகும். மேட்டில் படகின் எடை அச்சுக்குப் பின்னால் சாய்வதால், சமதரையில் சரியாக இருந்த முன்பாரம் அங்கே இன்னும் குறைந்துவிடும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால் இதை அளந்துவிடலாம். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கப்ளரை இறக்கினால், தராசு காட்டுவதிலிருந்து, பலகை மட்டும் இருக்கும்போது அது காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் போதும். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் நிலையில் நான் ஏடிவியைச் சாய்தளத்தில் இறக்கவே மாட்டேன். மேலே உலர்ந்த சமதரையில் ஒரு கனமான தூண் நட்டு, அதில் வின்ச் (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி) கட்டி, ட்ரெய்லரை மட்டும் கயிற்றில் இறக்கி ஏற்றுவேன். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் திறன், உருளையில் ஒரே ஒரு சுற்று அடுக்கு இருக்கும்போது கிடைப்பது. கயிறு அடுக்கடுக்காக ஏற ஏற அது குறையும் என்பதால், 165 கிலோ இழுப்புக்கு எவ்வளவு பெரிய வின்ச் என்று கணக்கிடும்போது தாராளமாகவே வாங்குங்கள். ட்ரெய்லரின் மூக்கில் தாங்குசக்கரம் வேண்டும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நேர்க்கோட்டிலும் ட்ரெய்லருக்குக் கீழ்ப்புறத்திலும் யாரும் நிற்கக் கூடாது.

நீர்க்காகம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று ட்ரெய்லரைப் படகோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன்: 1,090 கிலோ. கணக்கைவிட 70 கிலோ கூடுதலாக இருக்கிறதே என்று படகின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்தேன். பழுப்பு நிறத் தண்ணீர் கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. முன்பாரம் பலகை முறையில் 39 கிலோ வந்தது. ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்பதால் ட்ரெய்லரிலேயே உள்ள, படகை ஏற்றும் வின்ச் நிற்கும் கம்பத்தைச் சற்று முன்னால் நகர்த்திப் படகை முன்னுக்குத் தள்ளப் போகிறேன். பெல்ட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்மானம் இருக்கிறது, மாற்ற வேண்டியதுதான்.

ஒரே ஒரு சந்தேகம். வெறும் ட்ரெய்லரை மட்டும் ஏடிவியால் சாய்தளத்தில் ஏற்றி இறக்கலாம் அல்லவா?

பழையபட்டறை எழுதியது:

வெறும் ட்ரெய்லர் 280 கிலோ என்றால் இழுக்க 46, வண்டி ஏற 60, மொத்தம் 106 கிலோதான். முன்பாரம் குறைவாக இருந்தாலும் பாசியில் கிடைக்கும் பிடிப்பே தாங்கும். லோ கியரில், நான்கு சக்கர இயக்கத்தில், அவசரமின்றிச் செய்யுங்கள். படகோடு கொட்டகைக்குக் கொண்டுபோவதற்கு ஏடிவிக்குப் பதிலாக ஒரு டிராக்டரை வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் இலகுவாக வந்தாலும் அது 600 என்ற அளவை மீறுவதுதான், திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் பின்னால் வருவது உங்கள் வண்டியைப்போல் இரண்டரை மடங்கு எடை. சாய்தளத்தில் உள்ள பாசியை விறைத்த துடைப்பத்தால் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்.