பொருள்: மறு: வீட்டில் கட்டிய வானூர்தி – முதல் 40 மணிநேரப் பறப்புக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் கட்டிய வானூர்தியை முதல் சில பத்து மணிநேரம் பறந்து சரிபார்ப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘தொடக்கப் பறப்புச் சோதனை’ என்று போட்டிருக்கிறது. ‘சோதனை’ என்றதும் தேறியதா தவறியதா என்பதுதான் மனதில் நிற்கிறது. போதாததற்கு ‘சோதனைக் காலம்’ என்றால் வேறு அர்த்தம். தேருக்கும் படகுக்கும் சொல்கிற ‘வெள்ளோட்டம்’ போதாதா?

– கடலூர் முதுநகர்

---

ஐயா,

வெள்ளோட்டம் அருமையான சொல்தான். ஆனால் தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்தால் வெள்ளோட்டம் முடிந்தது. வானூர்திக்கு அப்படியல்ல; அமெரிக்க விதிப்படி இந்தப் பறப்பு வழக்கமாக 25 மணிநேரம். எஞ்சின்–புரொப்பெல்லர் இணைக்குச் சான்று இல்லையென்றால் 40.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தொழிற்சாலை விமானத்துக்குச் சரி. வீட்டில் கட்டியது ஒவ்வொன்றும் தனிப் பானை. ஒரே மாதிரிக் கிட்டில் (கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) பிறந்த இரண்டுக்குக்கூட எடையும் ஸ்டால் வேகமும் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும்) ஒத்துவராது. கிட்டோடு வரும் எண்கள் அடுத்தவர் வானூர்தியின் எண்கள்.

வேகமானியையே பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொடுக்கும் ஸ்டாடிக் துளையின் விளிம்பு தகட்டிலிருந்து இம்மி மேடாகவோ பள்ளமாகவோ அமைந்தால் காட்டும் வேகம் பொய். முதலில் குழாயில் கசிவு பார்க்க வேண்டும். பிறகு ஒரே உயரத்தில், வேகமானி முள்ளை ஒரே எண்ணில் நிறுத்தி, நாலு திசையிலும் பறந்து ஜிபிஎஸ் தரைவேகங்களைக் குறித்தால் காற்றின் பங்கைக் கழித்துவிடலாம். உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தினால் பிழை எவ்வளவு என்று தெரியும். இதை முடிக்காமல் எழுதிய ஸ்டால் வேகத்தை நம்பித் தரையிறங்கக் கூடாது.

எடையும் அப்படித்தான். முதலில் விமானி மட்டும். பிறகு மணல் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எடைமையத்தைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மூட்டையை இறுகக் கட்டாவிட்டால் மூக்கை உயர்த்தும்போது அது வாலுக்குச் சரியும். அப்புறம் மூக்கு இறங்காது.

இத்தனையும் அளவு தேடுகிற வேலை. ‘அளவறி பறப்பு’ என்கிறேன்.

– லாஸ்பேட்டை

---

இருவர் சொல்லும் வேண்டும். முதல் பறப்பு வெள்ளோட்டம்; அதில் தொடங்கி, முடிந்ததென்று வானூர்தியின் குறிப்பேட்டில் கையெழுத்திடும் வரை அளவறி பறப்பு.

தரையில் முடிய வேண்டியதை இதற்குள் நுழைக்காதீர்கள். எரிபொருள் ஓட்டம் அப்படி ஒன்று. ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி வைத்து, கார்புரேட்டரில் குழாயைக் கழற்றிப் பிடித்து அளக்க வேண்டும். புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பென்றால் எஞ்சின் முழுவிசையில் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் என்றால் ஒன்றேகால். மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு, புவியீர்ப்பில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். அதற்குக் குறைந்தால் வெள்ளோட்டமே கிடையாது.

புது எஞ்சினைத் தரையில் நெடுநேரம் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். காற்றோட்டம் போதாமல் சூடேறும், பிஸ்டன் வளையமும் சரியாகப் படியாது.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “அளவறி பறப்பு முடிந்தது. வானூர்தி தன் வேக வரம்பு முழுவதும் கட்டுக்கு அடங்குகிறது. இடர் தரும் இயல்பு இல்லை.” கீழே ஸ்டால் வேகம், ஏறு வேகங்கள், சோதித்த எடை, எடைமையம். உறுத்தவில்லை.

ஸ்டால் என்ற சொல்லுக்குத் தனி மடல் இழை தொடங்குங்கள். இதிலேயே இழுத்தால் தீராது.

– மஞ்சக்குப்பம்