‘ஸ்கியூட்’ – ஒரு சொல், இரண்டு பொருள்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

முதலை, அல்லிகேட்டர், ஆமைப் புதைபடிவங்களுக்கான சொற்பட்டியலில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. மேலோடு, அடியோடு, தாடை, முள்ளெலும்பு எல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். ஒன்று மட்டும் இழுக்கிறது.

புளோரிடாவின் பீஸ் ஆற்றில் சல்லடை போட்டு எலும்பு பொறுக்குகிறவர்கள் ‘ஸ்கியூட்’ என்ற சொல்லை இரண்டுக்கும் சொல்கிறார்கள். அல்லிகேட்டரின் முதுகுத் தோலுக்குள் இருந்த குழிவிழுந்த எலும்புத் துண்டு ஸ்கியூட். ஆமை ஓட்டின் எலும்புத் துண்டும் ஸ்கியூட். உடற்கூற்றியலில் முன்னதற்குப் பெயர் ஆஸ்டியோடெர்ம். ஆமையில் ஸ்கியூட் என்பது ஓட்டெலும்பின் மேல் போர்த்திய கெரட்டின் செதில். நம் நகமும் மாட்டுக் கொம்பின் உறையும் எதனால் ஆனவையோ அதுதான். ஆமை செத்ததும் அது உரிந்து மக்கிவிடும். சல்லடையில் கிடைப்பது கிட்டத்தட்ட எப்போதும் அதன் அடியிலிருந்த எலும்புதான். ஆகவே ‘ஆமை ஸ்கியூட் புதைபடிவம்’ என்று சீட்டு எழுதினால், இல்லாத பொருளுக்குப் பெயர் எழுதியதாகிறது.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் ஊறிப்போய்விட்டது. தமிழில் இப்போதுதான் சொல் ஆக்குகிறோம் என்பதால் தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம். ஆஸ்டியோடெர்முக்குத் ‘தோலெலும்பு’, ஸ்கியூட்டுக்குச் ‘செதிலோடு’ என்று முன்வைக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

——
மறு: ‘ஸ்கியூட்’ – ஒரு சொல், இரண்டு பொருள்

அம்மா, பிரிக்க வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் இரண்டு சொற்களிலும் இடர் இருக்கிறது.

> ஆஸ்டியோடெர்முக்குத் ‘தோலெலும்பு’

தோலடுக்கில் உருவாகும் எலும்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவைப்படும். மண்டையோட்டின் கூரை எலும்புகள், காறையெலும்பு போன்றவை குருத்தெலும்பாக இருந்து மாறாமல் நேரடியாகவே எலும்பாகின்றன. அந்தப் பெரிய வகைக்குத் ‘தோலெலும்பு’ மிகப் பொருத்தம். அதை ஆஸ்டியோடெர்முக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு மண்டையோட்டைப் பற்றி எழுதுகிறவர் திண்டாடுவார். ஆஸ்டியோடெர்ம் அந்த வகையில் ஓர் உறுப்பு மட்டுமே: தோலுக்குள் தனித்தனியாக, எலும்புக்கூட்டோடு மூட்டுப் போடாமல் கிடக்கும் துண்டு. அல்லிகேட்டரில் குஞ்சு பொரிக்கும்போது அது இருப்பதே இல்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் கழுத்துப் பக்கமிருந்து எலும்பாகத் தொடங்குகிறது.

‘செதிலோடு’ என்றால் ‘செதிலுடன்’ என்றும் படிக்கலாம். ‘மீனைச் செதிலோடு வறுத்தார்கள்’ என்று எழுதுகிற மொழி நம்முடையது. அது வேண்டாம்.

ஆமையைப் பற்றி இன்னொன்று. ஓட்டின் எலும்புத் தகடுகளையும் ஆஸ்டியோடெர்ம் என்று சொல்லிவிடக்கூடாது. நடுவரிசைத் தகடு முதுகெலும்போடு ஒட்டியது. பக்கத் தகடுகள், வழக்கமாக எட்டு இணை, விலா எலும்பைச் சுற்றி விரிந்தவை. ஒரு பக்கத் தகட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் விலாவின் புடைப்பு தெரியும். இவற்றுக்கு ‘ஓட்டெலும்பு’ போதும். சொல் மூன்றாகிறது: தோலுக்குள் கிடக்கும் துண்டு, ஓட்டின் எலும்பு, மேலே போர்த்திய செதில்.

——
மறு: மறு: ‘ஸ்கியூட்’ – ஒரு சொல், இரண்டு பொருள்

ஆற்றில் இறங்குகிறவர் பக்கத்திலிருந்து சில வரிகள். எந்தச் சொல் வந்தாலும் ஈரக்கையோடு பையின் மேல் எழுதக்கூடியதாக, குறுகியதாக இருக்க வேண்டும்.

பீஸ் ஆற்றில் நீர் வடிந்திருக்கும் குளிர்காலமும் வசந்தமும்தான் பருவம். ஆர்க்கேடியா, சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ் நீர்மட்ட அளவுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். இடுப்பளவைத் தாண்டினால் மண்வெட்டி நிற்காது. இரும்புக் கம்பியால் மணலைக் குத்திப் பார்த்து, நறநறவென்று சரளை தட்டும் இடத்தில் மேல்மணலை ஒதுக்கிச் சரளையை அள்ளிச் சலிக்கிறார்கள். சல்லடைக் கண் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. அரை அங்குலக் கண் போட்டால் வேலை விரைவாக நடக்கும், ஆனால் சிறிய முதலைப் பல்லும் சின்ன எலும்புத் துண்டும் திரும்ப ஆற்றுக்கே போய்விடும். கரையைக் குடையக்கூடாது, அங்கே மண் சரியும், கரை தனியார் நிலமாகவும் இருக்கும். அரசு நிலத்தில் முதுகெலும்பிப் படிவம் எடுக்க புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தரும் அனுமதி வேண்டும். சுறாப் பல்லுக்கு வேண்டாம், ஆமை ஓட்டுக்கு வேண்டும். எடுத்ததை அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்து 60 நாளுக்குள் அவர்கள் கேட்காவிட்டால் எடுத்தவருக்கே சொந்தம். சொல் சரியாக இருக்க வேண்டியது இந்த அறிக்கையில்தான். வெறும் ‘ஸ்கியூட், 12’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் புரியாது.

சல்லடையில் குழிவிழுந்த ஒரு கறுப்புத் துண்டு தங்கினால் பார்க்க வேண்டியவை:

மேற்புறம். அல்லிகேட்டர் துண்டில் குழிகள் ஆழமாக இருக்கும், நடுவே நீளவாக்கில் ஒரு முகடு ஓடும். முன்விளிம்பில் குழியில்லாத வழவழப்பான பட்டை தெரிந்தால் அது முதுகு வரிசை. முந்தைய துண்டு கூரை ஓடுபோல அதன்மேல் ஏறியிருந்த இடம் அது. மென்னோட்டாமையின் ஓட்டெலும்பும் குழிகுழியாகத்தான் இருக்கும். அதிகம் ஏமாறுவது இங்கேதான். அதில் முகடு கிடையாது. குழிகள் வலைப்பின்னல் போல ஓரத்துக்கு ஓடும்.

அடிப்புறம். அல்லிகேட்டர் துண்டின் அடியில் கோணிச்சாக்கு நெசவு போலக் குறுக்கும் நெடுக்கும் நாரோட்டம், நடுவில் சில நரம்புத்துளைகள். ஆமையின் பக்கத் தகடாக இருந்தால் விலாப் புடைப்பு.

மற்ற ஆமைகளின் ஓட்டெலும்பில் இரண்டுவகைக் கோடுகள் இருக்கும். விளிம்பில் ரம்பப் பல் போல இருப்பது எலும்போடு எலும்பு சேர்ந்த இடம். மேற்பரப்பில் ஆணியால் கீறியதுபோல ஓடும் வழவழப்பான பள்ளம் இரண்டு செதில்கள் சந்தித்த இடம். இரண்டும் ஒரே இடத்தில் விழுவது அரிது. செங்கல் அடுக்கில் மேல்வரிசை மூட்டு கீழ்வரிசை மூட்டின்மேல் விழாதபடி கொத்தனார் வைப்பாரே, அதேபோல. மென்னோட்டாமைக்குச் செதிலே கிடையாது, அதனால் கீறலும் இருக்காது. மக்கிப்போன செதில் கல்லில் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தக் கீறல்தான். அதற்கும் ஒரு சொல் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ‘முதலைத்தகடு’ போல முதலையைச் சொல்லில் கட்டிவிடாதீர்கள். அதே சல்லடையில் ஆர்மடில்லோ என்ற கவசப் பாலூட்டியின் அறுகோணத் துண்டுகள் வரும், அதன் அழிந்துபோன பெரிய உறவான கிளிப்டோடோனின் பூவிதழ் போன்ற அமைப்புள்ள துண்டுகளும் வரும். அவையும் ஆஸ்டியோடெர்ம்தான். பனியூழிக் கால இராட்சத நிலத்தாமை ஹெஸ்பெரோடெஸ்டுடோவின் கால் தோலில் கூம்புபோன்ற எலும்பு முட்கள் இருந்தன. பட்டாணி அளவிலும் கிடைக்கும், கட்டைவிரலைவிடப் பெரிதாகவும் கிடைக்கும். கூழாங்கல் என்று பலர் வீசிவிடுகிறார்கள். அவையும் ஆஸ்டியோடெர்ம், அதுவும் ஆமையினுடையது.

——
மறு: மறு: மறு: ‘ஸ்கியூட்’

ஆற்றுப்பக்க மடலுக்கு நன்றி ஐயா. சொல் ஆக்க இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது.

ஸ்கியூட் என்பதன் வேர் இலத்தீனில் கேடயம். நம் பழைய போர்ப்பாட்டுகளில் ‘தோல்’ என்றாலே கேடயம் என்றும் பொருள் உண்டு. தோலுக்குள் கேடயம் போலக் கிடக்கும் எலும்பைத் ‘தோல்’ என்ற ஒரே சொல் இருமுறை குறிப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் இன்றைய வாசகர் தோலைத் தோலாகத்தான் படிப்பார். எனவே அந்தப் பொருளின்மேல் சொல்லைக் கட்ட வேண்டாம்.

துண்டின் வடிவத்துக்குச் ‘சில்லு’, ‘தகடு’, ‘வில்லை’ மூன்றும் வரிசையில் நிற்கின்றன. ‘சில்லு’ உடைந்ததைக் குறிக்கும்: தேங்காய்ச்சில்லு, ஓட்டாஞ்சில்லு. ஆஸ்டியோடெர்ம் எதிலிருந்தும் உடைந்ததன்று. உருவாகும்போதே தனித் துண்டு. ஆனால் ஆமை ஓட்டின் உடைசலுக்கு ‘ஓட்டுச்சில்லு’ அழகாகப் பொருந்தும், அதை அங்கே வைத்துக்கொள்ளலாம். ‘தகடு’ மெல்லியது, உலோக வாடை உடையது. கூம்புமுள்ளைத் தகடு என்று சொல்ல முடியாது. ‘வில்லை’ தனித்து முழுதாக நிற்கும் சிறு பொருள்: மாத்திரை வில்லை, சேவகர் பட்டையில் இருக்கும் வில்லை. கூம்பு முள்ளுக்கு அது முழுதாகப் பொருந்தாதுதான். ஆனால் ‘கூம்புவில்லை’ என்று அடைகொடுத்தால் தாங்கும்.

‘தோல்வில்லை’ என்று முதலில் தோன்றியது. விரைந்து படிக்கிற கண் அதைத் ‘தோல்வி இல்லை’ என்று படித்துவிடும். எழுதிப் பார்த்தால் தெரியும். எனவே என் முன்மொழிவு: ‘என்புவில்லை’. என்பு, குறள் படித்த எவருக்கும் தெரிந்த சொல். ‘எலும்புவில்லை’யைவிட ஓரெழுத்துக் குறைவு, பையில் எழுதுகிறவருக்கு அதுவும் உதவும்.

கெரட்டின் போர்வைக்கு ‘ஓட்டுச்செதில்’. கீறலுக்குச் ‘செதில்வரி’. ரம்பப்பல் விளிம்புக்கு மருத்துவ நூல்கள் மண்டையோட்டுக்குச் சொல்லும் ‘பொருத்துவாய்’ இருக்கிறது. புதிதாக ஆக்க வேண்டாம்.

——
மறு: மறு: மறு: மறு: ‘ஸ்கியூட்’

என்புவில்லை, ஓட்டெலும்பு, ஓட்டுச்செதில், செதில்வரி, பொருத்துவாய். ஐந்தையும் ஏற்கிறேன். ‘தோலெலும்பு’ பெரிய வகைக்கே இருக்கட்டும்; என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சோதனை. அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்து, 2001-இல் கூர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயரிடப்பட்ட ஆமை, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் இனம். அந்த இனங்களில் இடுப்பெலும்பு ஓட்டோடு பொருத்துவாயிட்டு ஒட்டியிருக்கும். ‘பின் ஓட்டெலும்பின் உட்புறத்தில் இடுப்பு ஒட்டிய தழும்பு’ என்று எழுதினால் பொருள் தெளிவாக நிற்கிறது. ‘ஸ்கியூட்டின் உட்புறம்’ என்று எழுதியிருந்தால் செதிலில் இடுப்பெலும்பு ஒட்டியதாகிவிடும். சொற்கள் தேறிவிட்டன என்றே நினைக்கிறேன்.

பட்டியலோடு போகும் பராமரிப்புக் குறிப்பிலும் ஒரு திருத்தம். ‘வெயிலில் உலர்த்தவும்’ என்றிருந்தது, அதை அடித்துவிட்டேன். மெல்லிய ஓட்டெலும்பின் மேற்பரப்பு முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் இருக்கும்போதே ஏடு ஏடாகப் பிரியும். நிழலில், தாள் விரித்து, நாள்கணக்கில் உலர வேண்டும். நன்கு கனிமமேறிய ஆற்றுத் துண்டுக்கு வேறெதுவும் தேவையில்லை. உதிர்கிற துண்டுக்கு மட்டும் 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாரலாய்டு பி-72 என்ற பிசினைக் கரைத்து, காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாமல், தூரிகையால் ஊறவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் மேலே வெள்ளை பூக்கும். மறுபடி அசிட்டோன் தடவினால் போகும். உடனடிப் பசையை ஊற்றினால் பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மாதிரிச் சீட்டுகள் மூன்று:

என்புவில்லை, அல்லிகேட்டர், முதுகு வரிசை. முகடு முழுமை, முன்பட்டை உடைந்தது. பீஸ் ஆறு, ஆற்றுப்படுகைச் சரளை, அடுக்கு கலந்தது.

ஓட்டெலும்பு, ஆமை, இடப் பக்கத் தகடு. செதில்வரி ஒன்று, பொருத்துவாய் இரு விளிம்பிலும். அதே இடம்.

என்புவில்லை, கூம்பு, இராட்சத நிலத்தாமை, கால். நுனி தேய்ந்தது. அதே இடம்.

மூன்றிலும் காலத்தை எழுதவில்லை. ஆற்றுச் சரளையில் பனியூழிக்கு வெகுகாலம் முந்தைய மயோசீன் காலத்தவையும் பனியூழிக் காலத்தவையும் ஒன்றாகப் புரண்டு கிடக்கின்றன. அடுக்கிலிருந்து நேரே எடுத்த துண்டுக்கு மட்டும் அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.